வீட்டு சைக்கிளில் மிதிக்கும்போது அழுகை வந்தவர்கள் இருக்கிறீர்களா?

மடிப்பாக்கம் அக்கா

நேராகவே கேட்டுவிடுகிறேன். எக்சர்சைஸ் சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று அழுகை வந்திருக்கிறதா உங்களுக்கு? எனக்குப் போன மாதம் வந்தது. இன்னும் அது மனதை விட்டுப் போகவில்லை.

சைக்கிள் அவர் வாங்கியது. 2020 ஊரடங்கில் வாக்கிங் நின்றுபோய் சர்க்கரை ஏறியதும் வாங்கினார். காலையில் செய்தி பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் மிதிப்பார். அவர் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. அதற்கப்புறம் அதன்மேல் துண்டும் போர்வையும்தான் கிடந்தன. எனக்குத் தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. டாக்டர் மாத்திரை கொடுத்துவிட்டு, "உடம்பையும் கொஞ்சம் அசையுங்கம்மா" என்றார். தெருவில் நடக்கப் போனால் நாலு பேர் விசாரிப்பார்கள். எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் "எப்படி இருக்கீங்க" என்ற கேள்விக்கு ஒவ்வொரு வாசலிலும் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால் சைக்கிள்.

ஏறி உட்கார்ந்தால் கால் எட்டவில்லை. சீட் அவர் உயரத்தில் இருந்தது. சீட்டுக் கம்பியில் எண் போட்டிருக்குமே, அதில் ஏழு. எனக்கு மூன்று போதும். திருகைத் தளர்த்தி வெளியே இழுத்தேன். சீட் சர்ரென்று தானாக இறங்கி, டக்கென்று நின்றது. அந்தச் சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது. அவர் வைத்துவிட்டுப் போன ஒன்றை நானே கலைத்துவிட்டேன் என்று இருந்தது. ஆனாலும் ஏறி மிதித்தேன். எட்டு நிமிடம் போயிருக்கும், அழுகை வந்துவிட்டது. நிறுத்தவில்லை. அழுதுகொண்டே இருபது நிமிடம் வரை மிதித்தேன். அன்று இரவு ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினேன்.

இப்போது வாரத்துக்கு நாலு நாள் மிதிக்கிறேன். உடம்புக்கு நல்லதாகத்தான் இருக்கிறது. சீட்டை இறக்கியிருக்கக் கூடாதோ என்பது மட்டும் உறுத்துகிறது.

சரவணம்பட்டி

அக்கா, எனக்கு அழுகை இல்லை, பயம்.

பானிக் அட்டாக் வந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை மரத்துப் போகும், செத்துவிடுவோம் என்று தோன்றும். இரண்டு முறை நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குப் போனேன். இரண்டு முறையும் இசிஜி நார்மல். அதற்கப்புறம் மாடிப்படி ஏறவே பயம். இதயம் வேகமாக அடித்தாலே "வந்துவிட்டது" என்று மனசு முடிவு பண்ணிவிடும்.

எனக்கு சிகிச்சை கொடுத்த உளவியலாளர்தான் சைக்கிளில் உட்காரச் சொன்னார். வேண்டுமென்றே மூச்சு வாங்க வை, வேண்டுமென்றே இதயத்தை வேகமாக அடிக்க வை, ஒன்றும் ஆகவில்லை என்று உடம்புக்குக் காட்டு என்றார். மூன்றாவது நாள் கைக்கடிகாரத்தில் 148 காட்டியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. இறங்கி ஓடிவிடலாம் என்று ஒரு காலைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம் என்ன தோன்றியதோ, கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மிதிக்காமல் அந்த எண்ணையே பார்த்தேன். 148, 141, 133. ஒரு நிமிடத்தில் 118. என் இதயம் தானாக இறங்கியதை அன்றுதான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். அதுவரை அது இறங்கவே இறங்காது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதமாக அட்டாக் இல்லை. போன மாதம் மாத்திரையையும் நானே நிறுத்திவிட்டேன். சைக்கிள் போதும்.

இரவு டியூட்டி

தம்பி, உங்கள் கடைசி இரண்டு வரியைப் படித்ததும் பகீரென்றது. நான் நர்ஸ். ஆனால் இதை அக்காவாகத்தான் சொல்கிறேன். என் தங்கை இப்படித்தான் "இப்போ நல்லாத்தான் இருக்கேன்" என்று மாத்திரையைத் திடீரென்று விட்டாள். நாலாம் நாள் தலைக்குள் ஷாக் அடிப்பது போல வெட்டுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் நின்ற அந்த இடத்தை, எங்கள் வீட்டு ஹாலில், இன்றைக்கும் என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

உடற்பயிற்சிக்குப் பலன் இருக்கிறதா என்றால் இருக்கிறது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வு உள்ள, ஐம்பது வயது தாண்டிய 156 பேரை வைத்து 16 வாரம் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, ஒரு குழுவுக்கு செர்ட்ராலின் மாத்திரை, ஒரு குழுவுக்கு இரண்டும். முடிவில் மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தன. 1999இல் வெளியான ஆய்வு. ஆனால் மாத்திரைக் குழுவுக்குத்தான் முதலில் சீக்கிரம் பலன் தெரிந்தது. அங்கே எல்லாரையும் கண்காணித்துக்கொண்டே இருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 2005இல் இன்னொன்று. டிரெட்மில்லிலோ நிலை சைக்கிளிலோ பயிற்சி செய்ய வைத்தார்கள், 12 வாரம். போதுமான அளவு செய்தவர்களுக்கு மனச்சோர்வு மதிப்பெண் ஏறக்குறைய பாதி குறைந்தது. கொஞ்சமாகச் செய்தவர்களுக்குக் குறைந்தது, வெறுமனே கை கால் நீட்டி மடக்கியவர்களுக்குக் குறைந்த அளவுதான். அதாவது பேருக்கு ஐந்து நிமிடம் மிதித்தால் போதாது.

இன்னொரு விஷயம். பதற்றத்துக்கு புரோப்ரனலால் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் கடிகாரத்தில் காட்டும் இதயத் துடிப்பை நம்பி மிதிக்காதீர்கள். அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாது. 110தானே காட்டுகிறது என்று இன்னும் இன்னும் அழுத்தி மயங்கி விழுந்தவரை நான் பார்த்திருக்கிறேன். மிதிக்கும்போது முழு வாக்கியம் பேச முடிகிறதா, அதைப் பாருங்கள். பேச முடிந்தால் மிதமான வேகம்.

ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தால் 14416. டெலி மனஸ், அரசாங்கத்தின் இலவச எண், தமிழிலும் பேசுவார்கள். தம்பி, தயவுசெய்து உங்கள் டாக்டரைப் பாருங்கள்.

ஸ்காபரோ

அக்காவின் பதிவு வாசித்துவிட்டு வேலைக்குப் போய்வந்தேன். வழி முழுக்க அதே யோசனை.

எங்கட அம்மா யாழ்ப்பாணத்தில் தவறினது ஒரு டிசம்பர் மாதம். எனக்குப் போக வழியிருக்கவில்லை. பேப்பர் அலுவல் முடியவில்லை. செத்தவீட்டை வைபரில் பார்த்தேன். தம்பி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவன், அவனுக்குக் கை நடுங்கினபடியால் அம்மாவின் முகத்தை வடிவாகப் பார்க்கக்கூடக் கிடைக்கவில்லை. ரொறன்ரோவில் டிசம்பரில் பின்னேரம் அஞ்சு மணிக்கு முதலே இருட்டிவிடும். வேலைக்குப் போகேக்கையும் இருட்டு, வரேக்கையும் இருட்டு.

எங்கட கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சின்ன ஜிம் ஒன்று. இரண்டு சைக்கிள். விடிய அஞ்சரைக்கு நான் ஒன்றில், ஒரு சீனத்து அம்மா மற்றதில். எழுபது வயதிருக்கும். ஒரு வருஷமாகத் தலையசைப்பு மட்டும்தான், ஒரு சொல்லும் கதைத்ததில்லை. அம்மா போய் மூன்றாம் நாளும் பழக்கத்தில் இறங்கிப் போய் ஏறிவிட்டேன். மிதிக்க ஏலாது. பெடல் நாலு தரம் சுற்றும், நிற்கும். திரும்ப நாலு தரம். அவ வழக்கமாக நல்ல வேகமாக மிதிக்கிறவ. அன்றைக்கு அவவின் சைக்கிள் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. நான் மிதித்தால் அவவும் மிதித்தா. நான் நின்றால் அவவும் நின்றா. என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, முன்னாலிருந்த சுவரைத்தான் பார்த்தபடி இருந்தா. கொஞ்ச நேரத்தில் இரண்டு சைக்கிளின் சத்தமும் ஒன்றாகிவிட்டது.

வசந்த காலத்தில் அவ வீடு மாறிப் போய்விட்டா. பெயர் கேட்டு வைக்கவில்லை என்பது இன்றுவரை நெஞ்சில் கிடக்கிறது.

அக்கா, ஒன்று மட்டும் சொல்லலாமோ? ஆட்கள் விசாரிப்பினம் என்று வீட்டுக்குள்ளேயே இருந்துவிடாதீர்கள். கேள்வி கேட்காத ஆட்களும் இருக்கினம்.

கறுப்பு டேப்

எல்லாரும் நல்லதையே எழுதுகிறீர்கள். எனக்குச் சைக்கிள் கெடுதல் செய்தது, அதையும் யாராவது சொல்ல வேண்டும்.

சாப்பாட்டுப் பிரச்சினையிலிருந்து மீண்டுகொண்டிருந்த காலம். மனசு லேசாகும் என்று அண்ணன் வாங்கிக் கொடுத்தான். சைக்கிளின் சின்னத் திரையில் கலோரி ஓடும். 300 வந்தால் இறங்கலாம் என்று ஆரம்பித்து, 400, 500 ஆனது. ஒரு நாள் இரவு ஒரு மணிக்கு அம்மா விளக்கைப் போட்டபோது நான் இருட்டில் மிதித்துக்கொண்டிருந்தேன். அம்மா திட்டவில்லை. பெடலில் இருந்த என் காலைக் கையால் பிடித்து நிறுத்தினாள். அந்தக் கை சில்லென்று இருந்தது.

அடுத்த நாள் திரைமேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். இன்றும் எடுக்கவில்லை. இரண்டு பாட்டு முடிந்தால் இறங்கிவிடுவேன், அவ்வளவுதான். எண்களைப் பார்த்தால் சிலருக்குத் தைரியம் வரும், சரவணம்பட்டி அண்ணாவுக்கு வந்ததுபோல. சிலருக்கு அதுவே நோய். வாங்கிக் கொடுக்கிறவர்கள் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

உறையூர்

பைபாஸ் முடிந்து ஏழாவது வாரம், மறுவாழ்வுப் பயிற்சி என்று சைக்கிளில் ஏற்றினார்கள். சுமையே இல்லாமல் ஐந்து நிமிடம். நெஞ்செலும்பைப் பிளந்து கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது, இருமினால் பிய்த்துக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான். பிசியோ பெண், "சார், ஆறிலிருந்து இருபது வரைக்கும், இப்ப எவ்வளவு கஷ்டமா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். போர்க் என்ற ஸ்வீடன்காரர் போட்ட கணக்காம். அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய நாடித் துடிப்பு வரும் என்றார். நான் 11 என்றேன். வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். நான் எண் சொன்ன குரல் சாதாரணமாக இருந்ததைக் கேட்டுத்தானோ என்னவோ, முந்தானையை முறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. அறுவை சிகிச்சைக்கு அப்புறம் எனக்கு வந்திருந்தது மனச்சோர்வு என்றுகூட அதுவரை எனக்குத் தெரியாது. வலி என்றே நினைத்திருந்தேன்.

பிசியோ, நாகர்கோவில்

அக்கா, சீட்டை இறக்கியது தப்பே இல்லை. அவர் உயரத்திலேயே மிதித்திருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடி, ஒரு மாதத்தில் முட்டிக்குப் பின்னாலும் கீழ்முதுகிலும் வலி பிடித்திருக்கும். என்னிடம் வரும் சைக்கிள் முட்டிவலிக்காரர்களில் பாதிப் பேர் வீட்டில் வேறு யாருக்கோ வைத்த சீட்டில் மிதித்தவர்கள்.

சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக இருக்க வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கும். அதுதான் சரியான உயரம். மிகவும் தாழ்த்தி வைத்தால் முட்டிச் சிப்பியில் வலி வரும், அதையும் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம், மிதிப்பதைக் கடினமாக்கும் டென்ஷன் திருகைத் தொடாதீர்கள். இறங்குவதற்கு முன்னாலும் மூன்று நிமிடம் சும்மா சுற்றுங்கள். சட்டென்று நிறுத்தினால் ரத்தம் காலிலேயே தங்கித் தலை சுற்றும். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் நாலு நாளை ஐந்தாக்கி அரை அரை மணி நேரம் மிதித்தால் கணக்கு சரியாகிவிடும். அவசரமில்லை.

வண்டியையும் கவனியுங்கள். சென்னைக் காற்றுக்கும் வியர்வைக்கும் சீட்டுக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். மாதம் ஒரு முறை முழுசாக வெளியே உருவி, காய்ந்த துணியால் துடைத்து, இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள். திரும்பப் போடும்போது கம்பியில் உள்ள எல்லைக் கோடு குழாய்க்கு வெளியே தெரியக் கூடாது.

சரவணம்பட்டி

இரவு டியூட்டி அக்கா, முதலில் கோபம் வந்தது, பொய் சொல்லவில்லை. நான் கஷ்டப்பட்டு ஏறிய படியை நீங்கள் தட்டிவிட்ட மாதிரி இருந்தது. சனிக்கிழமை டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். ஆனால் என்னை மீட்டது மாத்திரை மட்டும்தான் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இரவு டியூட்டி

அப்படி நான் சொல்லவே இல்லை, தம்பி. அந்த 148ஐ இறங்கி ஓடாமல் பார்த்தது நீங்கள்தான். சனிக்கிழமை போய்விட்டு வந்து ஒரு வரி எழுதுங்கள்.

மடிப்பாக்கம் அக்கா

எல்லாருக்கும் நன்றி. ஸ்காபரோ தம்பி, உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன்.

நாகர்கோவில் சார் சொன்னபடி நேற்றுக் கம்பியை முழுசாக உருவினேன். கனமாகத்தான் இருந்தது. மடியில் படுக்கப் போட்டுத் துடைத்துக்கொண்டு வந்தால், ஏழாம் எண் பக்கத்தில் சுற்றிலும் பழுப்பாக ஒரு வளையம். கயிறு கட்டி எடுத்த தடம் மாதிரி. அவர் வைத்திருந்த உயரத்தில் குழாயின் வாய் உரசி உரசி, அங்கே வியர்வை இறங்கித் துருவாகி இருக்கிறது. நான் மூன்றுக்கு இறக்கியபோது அது குழாய்க்குள்ளே போயிருக்கிறது. நான் மிதித்த இத்தனை நாளும் எனக்குக் கீழே உள்ளேதான் இருந்திருக்கிறது.

அந்த இடத்தை மட்டும் துடைக்கவில்லை சார், மன்னித்துக்கொள்ளுங்கள். மேலும் கீழும் எண்ணெய் தடவிவிட்டு மறுபடி மூன்றில் வைத்துத் திருகினேன். டக்கென்று அதே சத்தம். அப்புறம் இருபத்திரண்டு நிமிடம் மிதித்தேன்.