சதுரங்கத்தில் 1880 ரேட்டிங்காரர் டிரா கேட்டால் 1480 ஒத்துக்கொள்ளலாமா?

பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி:
போன ஞாயிறு கோலாலம்பூரில் ஒரு சதுரங்கப் போட்டி, வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். பையனுக்கு 13 வயது, ரேட்டிங் (ஆட்டத் திறமையைக் காட்டும் புள்ளி) 1480. எதிரே 1880 அங்கிள். யானையும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய கடைசிக் கட்டத்தில் (எண்ட்கேம்) பையனுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். அங்கிள் டிரா கேட்டதும் சட்டென்று கை கொடுத்துவிட்டான். ரேட்டிங்கைப் பார்த்துப் பயந்துவிட்டான், வேறென்ன?

யானைப்பிரியன்:
அண்ணே, சிப்பாய்கள் எந்தப் பக்கம்?

பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி:
எல்லாம் பலகையின் ராஜா பக்கப் பாதியில்தான். பையனின் 4-க்கு அங்கிளின் 3. அங்கிள் கறுப்பு, சிப்பாய்களை எஃப்7, ஜி6, எச்5 கட்டங்களில் நிறுத்தியிருந்தார்.

யானைப்பிரியன்:
அப்புறம் என்ன, பாடத்தில் உள்ள தடுப்பே அதுதான். சரியாக ஆடினால் டிரா. கணக்கையும் பாருங்கள்: ஜெயித்தால் 1 என்று வைத்தால், 400 வித்தியாசத்துக்கு ஃபிடே (உலக சதுரங்கக் கூட்டமைப்பு) பட்டியலில் பையனுக்கு எதிர்பார்ப்பு வெறும் 0.08. டிராவில் கிடைப்பது 0.5. பதினெட்டு வயதாகாத பையனுக்குக் கே (அந்த வித்தியாசத்தைப் பெருக்கும் எண்) 40, அதனால் ரேட்டிங்கில் 16.8 புள்ளி ஏறும். அங்கிளுக்குக் கே 20 என்றால் 8.4 போச்சு.

பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி:
ஜெயித்திருந்தால் 36.8 ஆச்சே தம்பி! அவர் சரியாகத்தான் ஆடுவார் என்று யார் எழுதிக் கொடுத்தது? கைக்குட்டை நனைகிற அளவுக்கு நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னும் நாற்பது நகர்த்தல் இழுத்துப் பார்த்திருக்கலாம்.

கறுப்புக்குதிரை:
கடிகாரம்?

பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி:
பையனிடம் ரெண்டு நிமிடம், அவரிடம் பத்தொன்பது. நகர்த்தலுக்கு 30 விநாடி கூடும். பையன் கன்னத்தில் கை வைத்து யோசிக்கும்போதுதான் “டிரா?” என்றார்.

கறுப்புக்குதிரை:
இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா? காயை நகர்த்திவிட்டு, கடிகாரத்தை அமுக்குவதற்கு முன் கேட்பதுதான் முறை. வேறு நேரத்தில் கேட்டாலும் செல்லும், ஆனால் யோசனையைக் கலைக்கிறார் என்று நடுவரைக் கூப்பிடலாம். பையன் தப்பு செய்யவில்லை. அங்கிள்தான் நாகரிகம் தெரியாமல் நடந்துகொண்டார்.

யானைப்பிரியன்:
அவர் வேண்டுமென்றே செய்தாரா, பதற்றத்தில் வாய்விட்டாரா, யாருக்குத் தெரியும்? நானே ஒரு தடவை அப்படிக் கேட்டு நடுவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி:
இன்னொன்று கேளுங்கள். பிறகு ரெண்டு பேரும் கீழே மாமாக் கடையில் அதே நிலையை அடுக்கி மூன்று தடவை ஆடினார்கள். ரெண்டு டிரா. ஒன்றில் பையன் ஜெயித்தான்!

யானைப்பிரியன்:
அங்கிள் ஒரு கையில் ரொட்டி சானாய் வைத்திருந்தாரா?

பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி:
ஆமா.

யானைப்பிரியன்:
சரி லா, அது கணக்கில் வராது.