மறு: வெயிலில் திரிந்த கச்சா எண்ணெய்க்கு ஒரு சொல்

அன்புள்ள குழுமத்தாருக்கு,
நான் மொழிபெயர்க்கும் கடலுயிரியல் பாடம் ஒன்று வெள்ளிக்குள் அச்சுக்குப் போகவேண்டும். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து, கிணறு 87 நாள் எண்ணெய் கக்கியது. மேலே மிதந்த எண்ணெய் வெயில் பட்டு, ஆக்சிஜன் ஏறி, வேறு பொருளாயிற்று. சூரை மீனின் முட்டைகளும் அந்த மேற்பரப்பில்தான் மிதக்கும். எண்ணெய் பட்ட கருவின் இதயம் தளர்ந்து துடிக்கிறது. இதயத்தைச் சுற்றிலும் நீர் கோக்கிறது. அந்த எண்ணெயை ‘ஒளிதிரி எண்ணெய்’ என்று எழுதியிருக்கிறேன். நிற்குமா?

மதுரையிலிருந்து:
நல்ல வினைத்தொகை. பொன்னும் குடமும் பொற்குடம் ஆவது திரிபு. பால் கெடுவதும் திரிவதுதான். என் மனத்தாங்கல் ‘எண்ணெய்’ மேல். எள்ளின் நெய்யே எண்ணெய். அந்தப் பெயர் எல்லாவற்றுக்கும் பரவியதால்தான் எள்நெய்க்கு ‘நல்லெண்ணெய்’ என்று தனிப்பெயர் தேவைப்பட்டது என்பேன். ‘கச்சா’வோ இந்தி. ‘கருநெய்’ என்போம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஐயா, எங்கட பத்திரிகைகளில ‘மசகு எண்ணெய்’ எண்டுதான் எழுதுறது. இருக்கிற சொல்லை விட்டிட்டு ஏன் புதுசு?

மதுரையிலிருந்து:
அம்மா, இங்கே மசகு என்றால் வண்டி அச்சில் தடவுவது.

திருநெல்வேலி ஆசிரியை:
நேற்று பதினொன்றாம் வகுப்பில் கரும்பலகையில் ‘ஒளிதிரி எண்ணெய்’ என்று எழுதிப் பார்த்தேன். “விளக்குத் திரிக்கு ஊத்துற எண்ணெயா டீச்சர்?” என்றாள் ஒருத்தி. ‘வெயில்பட்ட கச்சா எண்ணெய்’ என்றதும் வகுப்பே தலையாட்டியது. பிள்ளைக்கு எட்டாத சொல் யாருக்கு?

சென்னையிலிருந்து:
‘வெயில்’ வேண்டாம், சூடு என்று எடுத்துக்கொள்வார்கள். இங்கே முக்கியமாக வேலை செய்வது புற ஊதாக்கதிர். அதைவிடப் பெரிய குழப்பம், இரண்டு செய்திகள் ஒரே சொல்லில் கலக்கின்றன. முட்டையைத் தொடுமுன் எண்ணெய் ஒளியில் மாறுவது ஒன்று. எண்ணெயிலுள்ள பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் என்னும் நச்சுச் சேர்மங்கள் கண்ணாடி போன்ற கருவுக்குள் ஏறியபின், அங்கேயே ஒளி பட்டுச் செல்களைக் கொல்வது வேறு. 2007இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் கப்பல் எண்ணெய் கொட்டியபோது ஆழமற்ற கரைநீரில் ஹெர்ரிங் மீனின் கருக்கள் மடிந்ததற்கு இந்த இரண்டாவதையே காட்டுகிறார்கள். அதற்கு ‘ஒளிநச்சாக்கம்’ என்று தனிச்சொல் வையுங்கள். மாணவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

மொழிபெயர்ப்பாளர்:
இன்று வெள்ளி. ‘ஒளியால் மாறிய கச்சா எண்ணெய்’, ‘ஒளிநச்சாக்கம்’ என்று இரண்டாகவே அனுப்பிவிட்டேன். மூவர் ஒப்பினீர்கள். ‘திரி’யைக் கைவிட மனமில்லை, ஆனால் அந்தப் பெண் கேட்டது நியாயம்.

மதுரையிலிருந்து:
‘கச்சா’வுக்கு என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். கருநெய்க்குத் தனி இழை தொடங்குகிறேன்.