2022 பொருளாதார நெருக்கடியை இலங்கையின் கிழக்குக் கரை விடுதிகள் எவ்வாறு தாண்டின?

பொத்துவில்வாசி (கேள்வி)
அலைச்சறுக்குக்குப் பெயர்பெற்ற அறுகம்பையில் ஆறு அறைகள் கொண்ட விடுதியொன்றைக் குத்தகைக்கு எடுக்க எண்ணியுள்ளேன். 2024இல் இருபது இலட்சத்துக்கும் அதிகமான பயணிகள் இலங்கைக்கு வந்தார்கள் என்பது மகிழ்ச்சிதான். ஆனால் 2018இல் 23 இலட்சமாக இருந்த வருகை 2021இல் இரண்டு இலட்சத்துக்கும் கீழே போனதையும் பார்த்தவர்கள் நாங்கள். டொலரில் கட்டணம் வாங்கினால் எதற்கும் அஞ்ச வேண்டியதில்லை என்கிறார் உரிமையாளர். 2022ஐத் தாக்குப்பிடித்தவர்கள் உங்கள் அனுபவத்தைக் கூறினால் உதவியாக இருக்கும்.

உல்லை விடுதிக்காரர்
அவர் சொல்வது பாதி உண்மை. 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயின் மதிப்பைச் சந்தைப்போக்கில் தளரவிட்ட பின்னர் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதால், 30 டொலர் அறையின் வரவு 6,000 ரூபாயிலிருந்து 10,800 ஆனது. ஆனால் ரூபாயில் முன்பதிவு ஏற்றிருந்த அறைகளைப் பழைய விலைக்கே கொடுக்க நேர்ந்தது. அதைவிட, எமது சீசன் ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஒக்டோபரோடு முடிவது. எரிபொருள் வரிசைகள் நீண்டதும் அதே மாதங்களில்தான். ஆளே வராதபோது டொலரில் விலை எழுதி வைத்து என்ன பயன்?

நாங்கள் இரண்டு அறைகளை மட்டும் திறந்து, ஏசியை நிறுத்தி, மாதக் கணக்கில் தங்கி அலைச்சறுக்குபவர்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தோம். சிலிண்டர் கிடைக்காததால் பின்முற்றத்தில் விறகடுப்பு மூட்டி, காலை உணவை ரொட்டி, சம்பல், பருப்பு என்று சுருக்கினோம். மீனாவது கரையில் கிடைக்கும் என்று நம்பினால், மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகளும் மணலில் கிடந்தன. சமையற்காரரை மட்டும் அரைச் சம்பளத்திலாவது விடாமல் வைத்திருந்தோம். அந்த ஆண்டு வளைகுடாவுக்கும் மாலைதீவுக்கும் போன சமையற்காரர்களுக்குப் பதிலாள் பிடிக்க முடியாமல் அயல் விடுதிகள் இன்றும் திண்டாடுகின்றன.

வான் சாரதி, திருகோணமலை
எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் அட்டை வந்த தொடக்கத்தில் வானுக்கு வாரத்துக்கு இருபது லீட்டர்தான். கொழும்பிலிருந்து அறுகம்பை முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் என்பதால் ஒருவழிக்கே அது போதாது. சுற்றுலா வாகனங்களுக்குத் தனி ஏற்பாடு வரும்வரை, ஒருவர் மலைநாட்டு எல்ல நகர் வரை கொண்டுவர, அங்கிருந்து இன்னொருவர் ஏற்றிச்சென்று கூலியைப் பங்கிட்டோம். அன்றன்றே காசு தந்த விடுதிகளுக்கே முதலில் ஆள் இறக்கினோம், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

கணக்காளர்
வரவைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். பல விடுதிகளை வீழ்த்தியது கடன். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் கிடைத்த தவணைச் சலுகை கொரோனாவோடு நீண்டபோது, கட்டாத வட்டியும் கடனோடு சேர்ந்துகொண்டே போனது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை (வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையானது) 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியதும், மாறும் வட்டியில் கடன் வாங்கியவர்களின் தவணை எகிறியது. மின்கட்டணமும் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியது.

எனவே அந்தக் கட்டடம் வங்கிக் கடனுக்கு ஈட்டில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். பராட்டே சட்டத்தின்படி வங்கி நீதிமன்றம் போகாமலே அதை ஏலம் விடலாம், அப்போது குத்தகைக்காரரான உங்கள் நிலை சிக்கலாகிவிடும்.

பொத்துவில்வாசி
நன்றி ஐயா. குத்தகைப் பணத்தை டொலரிலேயே கேட்கிறார், அதை ஏற்கலாமா?

கணக்காளர்
ஏற்காதீர்கள். சீசன் வரவில் இத்தனை சதவீதம் என்று எழுதி, சீசன் அல்லாத மாதங்களுக்குச் சிறு தொகையை ரூபாயில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அவர் இணங்காவிட்டால், டொலரில் அச்சமில்லை என்று அவர் சொன்னது யாருக்கு என்பது புரியும்.