கவிதா நிச்சயதார்த்தம் – குடும்பக் குழு

ராணி அத்தை: மொரிஷியஸ் பக்கம் சண்டை வரப் போகிறதாம். சாகோஸ் தீவைத் திருப்பிக் கொடுக்க விடமாட்டார்களாம். சம்பந்தி வீட்டார் சனிக்கிழமை வருவார்களா?

குமார்: யார் அனுப்பியது அத்தை

ராணி அத்தை: கோயில் குழுவில் வந்தது

கவிதா: வருகிறார்கள் அத்தை. டிக்கெட் எடுத்தாச்சு

சேகர் பெரியப்பா: ராணி, அதை வேறு யாருக்கும் அனுப்பாதே. மொரிஷியஸுக்கு 1968இல் சுதந்திரம். அதற்கு முன்பே, 1965இல், பிரிட்டன் 3 மில்லியன் பவுண்டு கொடுத்து, இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளைப் பிரித்து வைத்துக்கொண்டது. அதில் டியேகோ கார்சியா அமெரிக்க ராணுவத் தளமானது. பிரித்தது முறையல்ல, சீக்கிரம் விட்டுவிடுங்கள் என்று 2019இல் அனைத்துலக நீதிமன்றம் கருத்துச் சொன்னது. ஐநா பொதுச் சபையிலும் 116 நாடுகள் மொரிஷியஸ் பக்கம், 6 நாடுகள்தான் எதிர்ப்பு. 2025 மே 22இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. தீவுகள் மொரிஷியஸுக்கு, தளம் மட்டும் 99 ஆண்டு பிரிட்டன் கையில். அதற்கு ஆண்டுக்குச் சராசரி 101 மில்லியன் பவுண்டு. கையெழுத்தோடு முடியாது, இரண்டு நாடும் முறைப்படி உறுதி செய்ய வேண்டும். சண்டை எதுவும் இல்லை.

குமார்: 99 வருஷமா, நம் சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு மாதிரி

செல்வி சித்தி: மீன் எத்தனை கிலோ? டேக்கா சந்தைக் கடையில் முன்பணம் கேட்கிறார்கள்

ராணி அத்தை: கோயில் மண்டபத்தில் மீனா??

செல்வி சித்தி: மண்டபம் என்று யார் முடிவு செய்தது

மணி சித்தப்பா: 101 மில்லியனா! மாப்பிள்ளை வீட்டில் விசாரிக்க வேண்டியதுதான் 😄

சேகர் பெரியப்பா: மணி, அதை மட்டும் அங்கே பேசாதே. மாப்பிள்ளையின் பெரியப்பா சாகோஸில் பெரோஸ் பன்ஹோஸ் தீவில் பிறந்தவர். 1973க்குள் அங்கிருந்த அத்தனை பேரையும் கப்பலேற்றி மொரிஷியஸிலும் செஷல்ஸிலும் இறக்கிவிட்டார்கள். டியேகோ கார்சியாவில் வளர்த்த நாய்களைக்கூடக் கொன்றார்கள். அன்றும் அவர்களைக் கேட்கவில்லை, இந்த ஒப்பந்தத்திலும் பேசியது இரண்டு அரசாங்கங்கள்தான். கையெழுத்தை நிறுத்த சாகோஸ் பெண்கள் இருவர் லண்டன் நீதிமன்றத்தில் வாங்கிய தடையும் அதே நாளில் நீங்கிவிட்டது. மற்ற தீவுகளில் குடியேற்றலாம் என்று எழுதியிருக்கிறார்கள், டியேகோ கார்சியாவில் கிடையாது. அங்கே பிறந்தவர்கள் எங்கே போவார்கள்?

கவிதா: அவர் மொரிஷியஸுக்குக் கொடுப்பதே சரி என்பார் பெரியப்பா. இங்கிலாந்தில் க்ராலியில் இருக்கும் அவர் தங்கை ஒப்பந்தமே வேண்டாம் என்கிறார். இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை

ராணி அத்தை: இங்கே மட்டும் என்ன. என் பெரியவன் கல்யாணத்துக்கு மணி வந்தானா

மணி சித்தப்பா: அக்கா, பத்திரிகையை நேரில் வந்து வைத்தீர்களா?

செல்வி சித்தி: அந்தத் தீவில்தானே நம் இலங்கைத் தமிழர்களும் மாட்டிக்கொண்டார்கள்?

சேகர் பெரியப்பா: ஆமாம்மா. 2021 அக்டோபரில் படகு பழுதாகி வந்தவர்கள். வேலி போட்டு, கூடாரத்தில் குழந்தைகளோடு வைத்திருந்தார்கள். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோரை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள்.

ராணி அத்தை: முருகா

மணி சித்தப்பா: சரி அண்ணே, வாயே திறக்க மாட்டேன். மாப்பிள்ளையின் பெரியப்பா பக்கத்தில் யார் உட்காருவது?

கவிதா: சேகர் பெரியப்பாவே உட்காரட்டும். ஆனால் மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குத் தமிழ் வராது, கிரியோல் மொழிதான்

குமார்: சித்தி, மீன்?

செல்வி சித்தி: இடம் தெரியாமல் எப்படிச் சொல்ல