திரையில் கூர்மை, கணினியில் மங்கல்

கேள்வி: மகளின் ஓட்டப்பந்தயத்தில் 200 படங்கள் எடுத்தேன். கேமராவின் பின்திரையில் எல்லாமே கத்திபோல் கூர்மை. கணினியில் திறந்தால் பாதிப் படங்களில் இமைகூடத் தெளிவில்லை. திரை பொய் சொல்லுமா?

பதில் 1: பொய்யில்லை, சுருக்கிச் சொல்கிறது. 6000×4000 பிக்சல் படத்தை 720×480 புள்ளிகளில் அடைத்தால் மங்கல் ஒளிந்துகொள்ளும். 100 சதவீதத்துக்கு, அதாவது படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள். அதைத் தாண்டினால் நல்ல படமும் குழையும். அப்படிப் பயந்து நல்ல படங்களை அழித்த புத்திசாலி நான்.

பதில் 2: ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலத் தரவு) மட்டும் எடுத்தால், சில கேமராக்களில் உள்ளே பொதிந்த சிறிய ஜேபெக் படம்தான் திரையில் வரும். பெரிதாக்கியும் பயனில்லை.

கேட்டவர்: பெரிதாக்கினேன். காதணியின் ஒளிப்புள்ளி கோடாக இழுபட்டிருக்கிறது. பின்னணி தெளிவு.

பதில் 1: அப்படியானால் கை ஆடவில்லை, மகள்தான் வேகம். ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்கு உயர்த்துங்கள்.