அக்காவின் மறைவுக்குப் பிறகு அண்ணனை மன்னிப்பதும், தோழியரை உறவாகக் கொள்வதும்

இளையவள்:
என் அக்கா புற்றுநோயால் காலமாகி ஓராண்டு கடந்துவிட்டது. நோய் முற்றிய கடைசி மாதங்களில் அவரைக் குளிப்பாட்டியதும், வாய் உலராமலிருக்க ஈரத் துணியால் உதடுகளை ஒற்றியதும், இரவில் முறைவைத்து விழித்திருந்ததும் நானும் அவருடைய இரண்டு தோழியரும்தான். எங்கள் அண்ணன் ஒருமுறைகூட வரவில்லை. அழைத்தால் வேலை நெருக்கடி என்பார். பிறகு அழைப்பையே எடுக்காமல் விட்டார். இறப்புக்குப் பின் வந்தவர், குடும்பத்தில் மூத்தவர் என்ற முறையில் எல்லா முடிவுகளையும் தாமே எடுத்ததோடு, அக்காவின் உயிர் பிரியும்போது கையைப் பிடித்திருந்த தோழியை “வெளியாட்கள் சற்று ஒதுங்கியிருங்கள்” என்று அறைக்கு வெளியே நிற்க வைத்தார். அந்தச் சொல்லை என்னால் இன்றுவரை செரித்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது மன்னிப்புக் கேட்டு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. மன்னித்தால் அக்காவுக்குத் துரோகம் செய்ததாகிவிடுமோ என்று தயங்குகிறேன். மற்றொரு குழப்பமும் உண்டு. உடல்நலமோ பணமோ மனக்கவலையோ, எதுவானாலும் அந்தத் தோழியரிடமே நான் முதலில் சொல்கிறேன், அவர்களும் அப்படித்தான். உடன்பிறந்தவர் உயிரோடிருக்கையில் பிறரை உறவாக ஏற்றுக்கொள்வது, அக்கா இருந்த இடத்தை அவசரப்பட்டு நிரப்பிக்கொள்வதாகாதா? இத்தகைய இழப்பைக் கடந்தவர்கள் கருத்துக் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நோயர்துணை:
சகோதரி, முற்றிய நோயாளிகளின் குடும்பத்தினருக்கு ஆலோசனை கூறும் பணியில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். துரோகம் என்ற அச்சத்தை முதலில் விலக்கிவிடுங்கள். அக்காவுக்கு நேர்ந்த புறக்கணிப்பை அவர் சார்பில் மன்னிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. எனவே அது உங்கள் கடமையும் அன்று. அத்தனை பாரத்தையும் உங்கள் தலையில் போட்டுவிட்டு அவர் விலகியிருந்தாரே, அந்தப் பங்கை மன்னிப்பதா வேண்டாமா என்பது மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது.

மன்னிப்பதும் மீண்டும் உறவாடுவதும் ஒன்றல்ல என்பதை, இத்துறையில் நெடுங்காலம் ஆய்வு செய்த உளவியலாளர் ராபர்ட் என்ரைட் திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறார். மன்னிப்பு ஒருவர் மனத்துக்குள்ளேயே முடிந்துவிடக்கூடியது. உறவைப் புதுப்பிக்க இருவர் வேண்டும், அதற்கு நம்பிக்கையும் திரும்ப வேண்டும். இதே துறையைச் சேர்ந்த எவரெட் வொர்திங்டன், பழிவாங்கும் எண்ணத்தைக் கைவிடுவதென்று முடிவெடுப்பதை ஒரு வகையாகவும், உள்ளத்திலுள்ள வெறுப்பு மெல்லத் தணிவதை வேறொரு வகையாகவும் பிரித்துக் காட்டுகிறார். முதலாவது ஒரே நாளில் நிகழலாம். இரண்டாவதற்குக் கெடு வைக்க முடியாது. அவர் இதை ஏட்டளவில் மட்டும் சொல்லவில்லை. 1990களின் நடுவில் அவருடைய தாயார் வீடு புகுந்த ஒருவனால் கொல்லப்பட்டார்; அந்தக் கொலையாளியையும் மன்னிக்க முடிந்த அவர், பின்னாளில் தம் உடன்பிறந்தவர் தற்கொலை செய்துகொண்டபோது தம்மைத் தாமே மன்னித்துக்கொள்ள நெடுங்காலம் போராடியதாகக் கூறியிருக்கிறார். இதை உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. “இன்னும் ஏதாவது செய்திருக்கலாமோ” என்று தம்மேல் எழும் கோபம், வராதவர்மேல் உள்ள கோபத்தோடு சேர்ந்து கொதிப்பதைப் பல குடும்பங்களில் பார்க்கிறேன். உங்களுக்கு அப்படி இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் இரண்டையும் தனித்தனியே பார்ப்பது நல்லது.

இடத்தை நிரப்புவது பற்றி ஒரு சொல். இறந்தவரோடுள்ள பிணைப்பை அறுத்துக்கொண்டால்தான் துயரம் ஆறும் என்ற கருத்து நெடுங்காலம் செல்வாக்குடன் இருந்தது. 1996இல் கிளாஸ், சில்வர்மன், நிக்மன் ஆகிய ஆய்வாளர்கள் தொகுத்த ஆய்வுகள் அதை மறுத்து, பிணைப்பு உருமாறித் தொடர்வதே இயல்பு என்று காட்டின. ஆகவே அக்காவை வெளியேற்றித்தான் தோழியரை உள்ளே அழைக்க வேண்டும் என்பதில்லை.

வல்லினம்:
எல்லாம் சரி, அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லையே. “உங்கள் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்” என்ற வகையா, அல்லது செய்ததைச் செய்தேன் என்று சொல்லும் வகையா? முதலாவதற்கு விடை எழுதவே தேவையில்லை என்பது என் கருத்து.

இளையவள்:
பெரும்பகுதி முதல் வகைதான். “சூழ்நிலை” என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. வெளியே நிற்க வைக்கப்பட்ட தோழியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனால் ஓரிடத்தில், “அவள் முகத்தை அந்த நிலையில் பார்க்க எனக்குத் துணிவில்லை” என்று எழுதிப் பின் அதைப் பேனாவால் அடித்திருக்கிறார். அடித்த பிறகும் படிக்க முடிகிறது.

வல்லினம்:
அந்தக் கடிதத்தில் அவர் தாமாக எழுதிய வரி அது ஒன்றுதான் போலிருக்கிறது. மற்றவை விடுப்பு விண்ணப்பம். நீங்கள் விடை எழுதுவதாயின் அந்த ஒரு வரிக்கு மட்டும் எழுதுங்கள். தோழியிடம் கேட்க வேண்டிய மன்னிப்பைத் தோழியிடமே அவர் நேரில் கேட்கட்டும். நீங்கள் தூது போகாதீர்கள்.

கரையோரம்:
உறவாகத் தேர்ந்துகொள்வது பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். இது நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்த வழியன்று. 1980களில் எய்ட்ஸ் நோய் பரவியபோது, பெற்றோராலும் உடன்பிறந்தோராலும் கைவிடப்பட்ட பலரைக் கடைசிவரை பராமரித்தவர்கள் நண்பர்களே. அக்காலத்தில் சான் பிரான்சிஸ்கோவில் தன்பாலின ஈர்ப்புடையோரிடையே கள ஆய்வு செய்த மானுடவியலாளர் கேத் வெஸ்டன், இப்படித் தேர்ந்துகொண்ட குடும்பங்களைப் பற்றி 1991இல் விரிவாக எழுதினார். அத்தகைய நண்பர்கள் பலர் இறுதிச் சடங்கில் அன்னியராக நடத்தப்பட்டார்கள். சமூகம் துயரமாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளாத இத்தகைய துயரத்தை ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இல் தனி வகையாக வரையறுத்தார். உங்கள் தோழிக்கு நேர்ந்தது அதுவே. அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே இருக்கிறாரே, அவரிடம் யாராவது துக்கம் விசாரித்தார்களா என்று எண்ணிப் பாருங்கள்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அண்ணனுக்குத் தண்டனையாக இந்த உறவைத் தூக்கிப் பிடித்தால், அவர் மனம் மாறி வந்து நிற்கும் நாளில் தோழியரின் இடம் ஆட்டம் காணும்.

இளையவள்:
தோழியிடம் யாருமே விசாரிக்கவில்லை; நானும் விசாரிக்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. அண்ணனுக்கு அந்த அடித்த வரியை மட்டும் குறிப்பிட்டு விடை எழுதப் போகிறேன். வீட்டுக்கு வரச் சொல்லி இப்போதைக்கு அழைக்கப் போவதில்லை. இன்னொரு ஐயம்: எனக்கு ஏதேனும் நேர்ந்தால் மருத்துவமனையில் தோழியரின் சொல் செல்லுபடியாகுமா?

கரையோரம்:
எழுத்தில் இல்லாவிட்டால் பெரும்பாலும் ஆகாது. நினைவிழந்த நிலையில் உங்களுக்காக யார் முடிவெடுப்பது என்ற கேள்வி எழும்போது, பல நாடுகளில் சட்டம் முதலில் தேடுவது மணவழி அல்லது இரத்தவழி உறவினரைத்தான். ஆகவே அந்தப் பொறுப்பு உங்கள் அண்ணனிடமே போய்ச் சேரக்கூடும். மருத்துவ முடிவுகளுக்கான அதிகார ஆவணம், உயில் இரண்டையும் உங்கள் நாட்டுச் சட்டத்துக்கேற்ப ஒரு வழக்கறிஞரின் உதவியோடு இப்போதே எழுதிவிடுங்கள். படியொன்றைத் தோழியரிடம் கொடுத்துவையுங்கள். அப்படி ஓர் ஆவணம் இருப்பதை அண்ணனுக்கும் தெரிவித்துவிடுங்கள்.