ஃப்ரீ ஃபங்ஷனுக்கு நல் வந்தால் பேசாமல் விடுவதா, நிறுத்துவதா?

ஒலுவில்காரன்: சம்மாந்துறை வயல்களில் நீர்மட்டம் பார்க்கும் போர்டுக்கு சி-யில் லைப்ரரி எழுதுகிறேன். எஸ்டிஎம்32எஃப்103 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப், 20 கிலோபைட் ராம். சென்சார் விவரங்களைச் சேர்த்து வைக்கும் ஸ்ட்ரக்டின் நினைவகத்தை விடுவிக்கும் என் ஃபங்ஷனுக்கு நல் பொயின்டர் (எதையும் காட்டாத வெற்று முகவரி) வந்தால் பேசாமல் திரும்பட்டுமா, அசேர்ட் (நிபந்தனை பொய்யானால் புரோகிராமை நிறுத்தும் சோதனை) போட்டு நிறுத்தட்டுமா?

வாவிக்கரை: பேசாமல் திரும்பு தம்பி. 1989 ஆன்சி சி முதலே நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஃப்ரீக்கு நல் கொடுத்தால் ஒன்றும் நடக்காது என்பதுதான் விதி. சின்னச் சிப்களுக்கான ஏவிஆர் லிப்சி லைப்ரரியும் ஃப்ரீஆர்டிஓஎஸ் இயங்குதளமும் அப்படித்தான். மூன்று பொயின்டரையும் முதலில் நல் ஆக்கிவிட்டு மூன்று பஃபர் கேட்டு, நினைவகம் ஒதுக்கும் மாலொக் இரண்டாவதிலேயே கைவிட்டால், மூன்றையும் ஃப்ரீ பண்ணிவிட்டு வெளியேறலாம். எது கிடைத்தது என்று இஃப் இஃப்பாக எழுதத் தேவையில்லை.

கல்முனை_சி: லினக்ஸில் நல்லைத் தொட்டால் புரோகிராமை நிறுத்தும் செக்ஃபால்ட் பிழை வந்து காட்டிக்கொடுக்கும். இந்தச் சிப்பில் முகவரி 0-இல் இருப்பது ஃப்ளாஷ், அதன் தொடக்கத்தில் சிப் எழும்போது பார்க்கும் முகவரிப் பட்டியலான வெக்டர் டேபிள். நல் ஸ்ட்ரக்டின் முதல் உறுப்பைப் படித்தால் ஸ்டாக் தொடக்க முகவரி வரும், பெரும்பாலும் பதினறுமத்தில் 20005000. அதை பஃபர் என்று நம்பி ஃப்ரீக்குக் கொடுத்தால், ஸ்டாக்கின் உச்சியை ஹீப் ஹெடர் (மாலொக் கொடுத்த துண்டின் தலைக்குறிப்பு) என்று எண்ணிக் கிண்டும். மறுகா எங்கே போய்த் தேடுவது?

வாவிக்கரை: சரி, அது செக் வேண்டும் என்பதற்கான காரணம். நிறுத்துவதற்கு இல்லையே.

கல்முனை_சி: இருக்கிறது அண்ணன். ஒதுக்கிய இடத்தின் அளவை மாற்றும் ரீஅலொக் தந்ததை அதே பொயின்டரில் போடுகிறவர்கள் எத்தனை பேர்! இடமில்லாமல் நல் வந்தால் பழைய பிளாக்கின் முகவரி போயிற்று. பிறகு ஃப்ரீ பண்ணும்போது உங்கள் ஃபங்ஷன் சமர்த்தாகத் திரும்பிவிடும். 20 கிலோபைட்டில் அந்த ஒழுக்கு எத்தனை நாள் தாங்கும்?

வாவிக்கரை: அது ரீஅலொக் எழுதினவன் பிழை. அவன் தற்காலிக மாறியில் வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். ஃப்ரீயில் அசேர்ட் அடித்தாலும் முகவரி தொலைந்த இடம் தெரியாது. போர்ட் மட்டும் வயல் நடுவில் படுத்துவிடும்.

கல்முனை_சி: வாட்ச்டோக் (உறைந்துபோன சிப்பை மீண்டும் தொடக்கும் டைமர்) எழுப்பும்.

வந்தாறுமூலை_மாணவி: மாலொக்கே எதற்கு? பாதுகாப்பான சி-க்கான மிஸ்ரா சி 2012 நெறிகளின் 21.3 விதி அதை வேண்டாம் என்கிறதே. சென்சார் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருந்தால் முன்கூட்டியே அளவு குறித்த ஸ்டாட்டிக் அரே போதும்.

ஒலுவில்காரன்: உச்சவரம்பு இருக்கிறது, ஆனால் லைப்ரரியை வேறு ஆட்களும் எடுப்பார்கள், அவர்களுடையது எனக்குத் தெரியாது. வெளியே கொடுக்கும் பில்டில் பேசாமல் திரும்புகிறேன், பிழை தேடும் டீபக் பில்டில் அசேர்ட்.

வாவிக்கரை: அப்படியென்றால் மூன்று பஃபர் துப்புரவு டீபக் பில்டில் மாலொக் கைவிடும் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுமே தம்பி?

கல்முனை_சி: அங்கே மட்டும் இஃப் எழுதட்டும். ஒரு வரிதானே.